உன் சைக்கிளில் என் கால் எட்டவில்லை

அருமை மச்சான் ஜெரால்டுக்கு,

நீ இருக்கிற இடத்தில் ரோடெல்லாம் பள்ளம் இல்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் வசமாக மாட்டிக்கொண்டேன்டா. உன்னால்தான். இல்லை, என் வாயால்தான்.

நடந்தது உனக்குத் தெரியாதே. உன் நினைவுக் கூட்டத்தில், சர்ச் ஹாலில், மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எல்லோரும் வசனம் சொன்னார்கள், உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார்கள். எனக்கு மைக்கைப் பிடித்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்வரிசையில் உன் ஸ்டெல்லா, மகள் ஜெனியின் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெரால்டு ஆரம்பிச்ச டிரையத்லானை நான் முடிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். ஹாலே கைதட்டியது. போதகர் அங்கேயே எனக்காக ஜெபம் பண்ணினார். ரஃபீக் என்ற பெயரை ஒருவர் அத்தனை உருக்கமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். நான் ஓடுகிறவன். இத்தனை வருடமாக ஓட்டம் மட்டும்தான். "வெறும் ஓட்டம் போர் மச்சான். கடல்ல நீந்தணும், சைக்கிள் மிதிக்கணும், அப்புறம் ஓடணும். அதான் கெத்து" என்று கிளம்பியது நீ. சிரித்தது நான். பயிற்சி சூடுபிடிக்கும் நேரத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீ போய்விட்டாய். இப்போது அத்தனையும் என் தலையில். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைப் பாவிகள் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு குளத்தில் நீச்சல் கற்கிறேன். ஓடி ஓடிக் கணுக்கால் இறுகிப் போயிருக்கிறது. எவ்வளவு உதைத்தாலும் உடம்பு முன்னால் போவதில்லை, கால்தான் கீழே போகிறது. "சார், ஓடுற காலை வீட்லயே விட்டுட்டு வாங்க" என்கிறார் கோச். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூச்சு முட்டுகிறது. ரோட்டில் மூச்சு வாங்கினால் ஓரமாக நின்றுகொள்ளலாம். கடலில் எங்கே நிற்பது? நீயும் பயந்தாயா? பயந்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

சரி, ஓட்டமாவது மிஞ்சியதா என்றால் அதுவும் இல்லை. நம் ஓட்டக் குழுவில் உன் நினைவாக டி-ஷர்ட் அடித்துவிட்டார்கள். முதுகில் உன் முகம். ஏரிக்கரையில் நான் முன்னால் ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்கு நீதான் தெரிகிறாய். உன்னை முந்தியதாகிவிடுமோ என்று ஒருத்தரும் என்னை முந்துவதில்லை. முன்பு என்னை ஜெயிக்க உயிரை விட்டவர்கள்கூட இப்போது சவ ஊர்வலம் மாதிரி பின்னால் வருகிறார்கள். வெறுத்துப் போகிறதுடா.

உன் சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். அதை என் வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. சனிக்கிழமை காலையில் உன் வீட்டில் எடுத்து, பள்ளிக்கரணை வரை மிதித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். நீ என்னைவிட ஒரு தலை உயரம். சீட்டை உன் உயரத்தில் வைத்து, கம்பியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தாய். அதை இறக்க எனக்குக் கை வரவில்லை. இறக்கினால் நீ இல்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. முழங்காலுக்குப் பின்னால் வலி எடுத்தும் எக்கி எக்கி மிதித்தேன்.

போன சனிக்கிழமை சிக்னலில் நின்றபோது கால் தரைக்கு எட்டாமல் அப்படியே சாய்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் தூக்கிவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், அண்ணன் சைக்கிள எட்த்துக்கினு வந்துட்டியா?" முழங்கை தோல் உரிந்து எரிந்தது. இன்றோடு முடித்துவிடுவது என்று தீர்மானித்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன்.

ஸ்டெல்லா பஞ்சும் டெட்டாலும் எடுத்து வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "என்னால முடியலம்மா. தண்ணியப் பாத்தாலே பயமா இருக்கு. அன்னிக்கு மைக்ல ஏதோ வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

"தெரியும்ணா" என்றாள். "சொன்னதும் உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தேனே."

"அப்ப ஏம்மா அன்னிக்கே வேணாம்னு சொல்லல?"

அவள் பஞ்சை மடித்துக்கொண்டே இருந்தாள். "இந்த வீட்ல யாரும் அவர் பேரை எடுக்குறதில்லைண்ணா. நான் அழுவேன்னு ஜெனி எடுக்க மாட்டா. அவ அழுவான்னு நான் எடுக்க மாட்டேன். சனிக்கிழமை நீங்க வந்து, 'இந்த ஜெரால்டு பய பிரேக்கை எப்படி வெச்சிருக்கான் பாரு'ன்னு திட்டுவீங்க. அப்ப ஜெனி ரூம்லேர்ந்து வெளிய வந்து நிப்பா. அதுக்காகத்தான் வாய மூடிக்கினு இருந்தேன்."

அவளே உன் டூல் பையிலிருந்து சீட்டுத் திருகைத் தளர்த்தும் ஆலன் கீயை எடுத்தாள். "நீந்துறதும் நீந்தாததும் உங்க இஷ்டம். சைக்கிள் ஓட்டுனா சீட்டை இறக்கிட்டு ஓட்டுங்க" என்று சொல்லி, சிவப்பு டேப்பைத் தாண்டி இறக்கிவிட்டாள். நான் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் தரையில் இருந்தன. கதவோரம் நின்றிருந்த ஜெனி, "அப்பா பாத்தா கத்துவாரு அங்கிள்" என்றாள். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். பிறகு மூவருமே அழுதோம்.

விடுதலை கேட்கப் போனவன் நான், மச்சான். அவள் விட்டும்விட்டாள். ஆனால் இப்போது எப்படிப் போவேன்? முன்பு ஒரு ஹால் நிறைய ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். இப்போது இரண்டு பேர்.

திங்கட்கிழமை குளத்துக்குப் போனேன். பயம் அப்படியேதான் இருக்கிறது.

முடிப்பேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடமும்தான். கடல் என்னை விடுமா என்று தெரியாது. முடித்தாலும் முடிக்காவிட்டாலும், சனிக்கிழமை தவறாமல் உன் வீட்டு வாசலில் நின்று உன் பேரைச் சொல்லிச் சத்தமாகத் திட்டுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
ஸ்டெல்லாவின் அண்ணன்
ரஃபீக்