கப்பலுக்கு அடித்தது நான்தான்

அனுப்புபவர்:
வல்லிபுரம் விஜயரத்தினம் (வயது 79),
இளைப்பாறிய கப்பல் தொழிலாளி,
ஹம்பேர்க்.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அம்மையார் அவர்கள்,
குடியுரிமை விண்ணப்பப் பிரிவு,
அறை இலக்கம் 214.

விடயம்: வியட்நாம் போரில் நான் அமெரிக்கச் சரக்குக் கப்பலைத் தாக்கியதாகக் கோப்பில் உள்ள பதிவை நீக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. தங்கள் கடிதம் சென்ற மாதம் பதினோராம் திகதி கிடைத்தது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. என் மனைவி புஸ்பவதி வாசித்துக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவரும் அவரே. தங்கள் கடிதத்தின் இரண்டாம் பந்தியில் அவருக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது. “இஞ்சை பாருங்கோ, ஒரு கெரில்லாவோடையோ நான் ஐம்பது வருசம் குடும்பம் நடத்தினனான்?” என்று கேட்டார். அன்று முதல் வீட்டில் என் பெயர் ‘வியட்நாம் வீரர்’. இது தங்கள் கவனத்துக்காக மட்டும்.

2. 1985இல் அகதி விசாரணையில் நான் தந்த வாக்குமூலத்தின்படி, வியட்நாமில் அமெரிக்கப் பொருள் ஏற்றிய கப்பலை நான் தாக்கினேன், இரு தரப்புக்காகவும் சண்டையிட்டேன், முதலில் சிவப்பு அணியில் இருந்தேன், இவை அனைத்தையும் ஒரு கப்ரனின் கட்டளைப்படி செய்தேன் என்று தங்கள் கடிதம் கூறுகிறது. அச்செயலுக்கு வருந்துவதாக இணைப்புப் படிவத்தில் ஆறு வாரத்துக்குள் ஒப்பமிடாவிட்டால் என் விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்றும் உள்ளது.

3. அந்த விசாரணை எனக்கு நேற்றுப் போல் இருக்கிறது. 1985 ஒக்டோபர் 23, புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மொழிபெயர்த்தவர் சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த பாலமுருகன் என்பவர். நீலக் கம்பளிச் சட்டை, இடது முழங்கையில் ஓட்டை. நல்ல பிள்ளை. அன்று காலையிலிருந்து எனக்கு முன்னால் எங்கள் யாழ்ப்பாணப் பெடியள் பதினொரு பேர் உள்ளே போய் வந்திருந்தார்கள். ஷெல்லடி, குண்டடி, ஆமியின் அடி என்று கேட்டுக் கேட்டு அவர் களைத்துப் போயிருந்தார். பன்னிரண்டாவது ஆளாக நான் போனேன். பேசியதைச் சொல்லுக்குச் சொல் கீழே தருகிறேன்.

“கப்பல்ல என்ன பண்ணீங்க?”
“அமெரிக்கன்ரை சாமான் ஏத்தின கப்பலுக்கு அடிச்சுக்கொண்டு திரிஞ்சனான் தம்பி, வியட்நாமிலை.”
“எத்தனை கப்பல்?”
“ஒண்டுதான். முன்பக்கம் வடிவா அடிச்சனான். பின்பக்கம் அடிக்க முதல் மழை வந்திட்டுது.”
“எந்தப் பக்கம் நீங்க?”
“ரெண்டு பக்கமும். முதல் சிவப்பு, பிறகுதான் மற்றது.”
“யார் சொல்லி?”
“கப்ரன் சொல்லித்தான், வேறை ஆர் சொல்லுறது?”

4. அம்மையீர், எங்கள் மொழியில் மனிதருக்கும் அடிக்கலாம், சுவருக்கும் அடிக்கலாம். சுவருக்கு அடிப்பது சுண்ணாம்பு. கப்பலுக்கு அடிப்பது பெயின்ற். துருப்பிடிக்காமல் இருக்க முதலில் சிவப்பு அடித்து, காய்ந்த பிறகு மற்ற நிறம் அடிப்பது உலகமெங்கும் வழக்கம். பெயின்ற் என்ற அந்த ஒரு சொல்லை நான் விட்டுவிட்டேன். கப்பலில் வேலை செய்தவனுக்கு அதைத் தனியே சொல்லத் தேவை வருவதில்லை. பிழையில் பாதி என்னுடையது. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன்.

5. எழுத்தால் எனக்கு வில்லங்கம் வருவது இது முதல் தடவை அல்ல. கப்பலின் பெயர் நெரீனா. முதலாளி கிரேக்கர், கொடி லைபீரியா, வாடகைக்குப் பிடித்தது அமெரிக்கா, பெயின்ற் யாழ்ப்பாணம். 1967 ஜூனில் அமெரிக்க விமானத்தளம் கட்டச் சீமெந்து ஏற்றிக்கொண்டு தென் வியட்நாமின் டா நாங் துறைமுகம் போனோம். பெயரை எழுதியவனும் நானே. படம் கீறுவதுபோல் பார்த்துப் பார்த்துக் கீறினேன். இரண்டு தூணுக்கு நடுவே சரிவாகப் பலகை வைத்த மாதிரி ஓர் எழுத்து வரும். அந்தப் பலகையை மற்றப் பக்கம் சரித்துவிட்டேன். அது ரஷ்ய எழுத்தாம்! அமெரிக்கக் காவற்படகு எங்களை மூன்று தரம் சுற்றி வந்து துப்பாக்கியோடு ஏறியது. கப்ரன் என்னைக் காட்டினார். பத்தொன்பது வயதுப் படைவீரன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தூரிகையை என் கையில் தந்து திருத்தச் சொன்னான்.

6. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் அவனிடம் கேட்டேன், உங்கள் நாடு ஏன் இங்கே வந்தது என்று. ஒரு நாடு சாய்ந்தால் பக்கத்து நாடும் சாயும் என்று வாஷிங்டனில் சொல்கிறார்கள் என்றான். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் சாயாது என்று சீமெந்து மூட்டையைக் காட்டினேன். மறுபடியும் சிரித்தான். ஓகஸ்டில் இரண்டாம் நடை போனபோது அவனை விசாரித்தேன். அவனோடு காவற்படகில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

7. ஒக்டோபரில் ஹொங்கொங்கில் கப்பல் கைமாறியது. பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் அடித்தேன். 1968 ஜனவரியில் அதே கப்பலில் ரஷ்ய உரம் ஏற்றிக்கொண்டு, அதே சண்டையின் மற்றப் பக்கமான வட வியட்நாமின் ஹைபொங் போனோம். அங்கே மூட்டை எண்ண ஒரு பெண் வருவார். நான் எண்ணத் தவறினால் நாக்கை நீட்டிக் காட்டுவார். மூன்றாம் நாள் அமெரிக்க விமானங்கள் வந்தன. நான்காம் நாள் மூட்டை எண்ண வேறொருவர் வந்தார். அந்த விமானங்கள் நான் டா நாங்கில் இறக்கிய சீமெந்தில் ஓடி மேலெழும்பினவா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று சொல்லவும் எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

8. எழுத்துச் சோதனைக்குப் பயந்து இத்தனை காலம் நான் விண்ணப்பிக்கவில்லை. வயதைப் பார்த்து அதிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்று அறிந்தே சென்ற ஆண்டு விண்ணப்பித்தேன். வேண்டியது ஒன்றுதான்: வாக்குப் போட வேண்டும். மனைவி 2003இல் ஜெர்மன் பிரஜையானார். ஒவ்வொரு தேர்தல் ஞாயிறும் அவர் உள்ளே போவார். நான் வாசலில் அவருடைய கைப்பையோடு நிற்பேன். யாருக்குப் போட்டீர் என்று கேட்டால், “வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லக்கூடாது” என்பார். கப்பலும் சீமெந்தும் எங்கே போவது என்று தீர்மானிப்பவர்களைத் தெரிவு செய்வதில், சாவதற்கு முன் ஒரு தரமாவது என் கையும் இருக்க வேண்டும்.

9. ஆகவே, கோப்பில் ‘தாக்கினார்’ என்று உள்ள இடங்களில் ‘பெயின்ற் அடித்தார்’ என்று திருத்துமாறும், யாழ்ப்பாணத் தமிழ் விளங்கும் ஒருவரோடு எனக்கு ஒரு ரெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், தருமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். இம்மனுவை ஜெர்மன் மொழியில் ஆக்குபவர் நான்காம் பந்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

10. “ஒரு கைநாட்டுத்தானே, வைச்சு அனுப்பிப்போட்டு அலுவலைப் பாருங்கோவன்” என்கிறார் மனைவி. ஆறு வாரத்தில் இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படிவத்தை வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன். கப்பலுக்கு அடித்ததற்கு வருந்த என்னால் ஏலாது; அதை நான் நன்றாகவே அடித்தேன். அதில் சாமான் கொண்டுபோய் இறக்கியதற்கு வருந்துகிறேன், இரண்டு துறைமுகத்திலும். அதற்கென்று தங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இருந்தால் அனுப்பி வையுங்கள். அன்றைக்கே கைநாட்டு வைத்துத் தருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(வ. விஜயரத்தினம், இடது பெருவிரல் அடையாளம்)

இடம்: ஹம்பேர்க்
திகதி: 14.10.2025

கேட்டு எழுதியவர்: வி. புஸ்பவதி