கடைசிப் பத்து நிமிடம்

என் அன்பு அண்ணை,

இன்று காலை எழுந்ததும் உங்கள் புரொஜெக்டரின் கண்ணாடியைத் துடைத்தேன். தேநீர் அதற்குப் பிறகுதான். மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. நீங்கள்தான் இல்லை.

சனிக்கிழமை லண்டன் வால்தம்ஸ்டோ மண்டபத்தில் உங்கள் நினைவாகப் படம் போடுகிறார்கள். ஆண்டுதோறும் நீங்கள் போட்ட அதே சோவியத் படம். போருக்குப் போன மகனுக்காக ரயில் நிலையத்தில் காத்து நிற்கும் தாய்.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலில் மகன் வருவதில்லை. படத்தில் வந்துவிடுகிறான். அந்த எழுத்தாளர் போரில் தம்பியைத் தொலைத்தவர், முடிவை மாற்றாதீர்கள் என்று மன்றாடியவர், முதல் காட்சியன்று கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் எழுந்து வெளியே போனவர் என்று சொல்வீர்கள். அவர் இறந்த பிறகு வண்ணத்தில் இன்னொரு படம் எடுத்தார்கள். அதிலும் மகன் வந்தான், பூங்கொத்தோடு. அது டிவியில் வந்த அன்று நீங்கள் டிவியைத் திட்டிய திட்டு!

அதனால்தான் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் வந்ததும் படத்தை நிறுத்துவீர்கள். “மெஷின் சூடாகிட்டுது” என்று சபைக்கு அதே பொய். பிறகு நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தை வாசிப்பீர்கள். உண்மையை ஒருமுறையாவது சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது சங்கத் தலைவர் சொல்கிறார்: “பிள்ளை, மெஷின் இப்ப நல்லாத்தானே இருக்கு? முழுசாப் போடுவம். உன்ர அண்ணருக்கும் ஆசை இருந்திருக்கும். சனம் சந்தோஷமா வடை சாப்பிட்டுப் போகட்டும்.”

நீங்கள் காட்ட மறுத்ததைக் காட்டுவதா உங்களுக்கு அஞ்சலி? கேட்க வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்து, பேருந்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். போரின்போது வன்னியில் காணாமல் போன சின்னண்ணையின் பிறந்தநாளுக்கு இன்னும் பாயசம் வைக்கிறவர். படத்திலாவது மகன் வரட்டும் என்பாரோ என்று பயந்தேன்.

“எல்லாரும் எனக்கு வருவான், வருவான் எண்டுதான் சொன்னவை,” என்றார். “உன்ர பெரியண்ணன் ஒருத்தன்தான் வரமாட்டான் எண்டு வாசிச்சுக் காட்டினவன். இந்த முறை ஆர் வாசிக்கிறது?”

அம்மா தூங்கிய பிறகு உங்கள் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை புரொஜெக்டரை இயக்கப்போவது நான்தான். தூரத்தில் ரயில் தெரிந்து அந்தத் தாய் நிமிரும்போது நிறுத்துவேன். மெஷின் சூடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்லி, நாவலின் கடைசி வரிவரை வாசிப்பேன். அம்மாவுக்குக்கூட இன்னும் தெரியாது.

உங்கள் தங்கச்சி,
மதி