மருந்து கலக்கிய மேசை

அக்கா,

இன்று காலை மருந்து வைக்கும் பிரிட்ஜைத் திறக்கப் போனவள், கைப்பிடியைத் தொடாமல் நின்றுவிட்டேன். போன மாதம் வெளியிலிருந்து வந்த ஆட்கள் நம் வார்டில் அங்கங்கே ஈரத்தாளால் துடைத்துச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். அந்தக் கைப்பிடியிலும் டெலிபோனிலும் புற்றுநோய் மருந்து ஒட்டியிருக்கிறதாம். தனி அறையும், மருந்து கலக்கக் கண்ணாடிக் கூண்டும் வந்து இத்தனை காலம் ஆன பிறகும். கேட்டபோது கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நம் காலத்தில் கூண்டும் இல்லை, அறையும் இல்லை. ஜன்னலோர மேசையில், தலைக்கு மேல் மின்விசிறி சுழல, குப்பியை உடைத்து ஊசியில் உறிஞ்சிக் கலப்போம். சிவப்பு மருந்து சொட்டினால் பஞ்சால் துடைப்போம். மற்றவற்றுக்கு நிறமில்லை, சொட்டியதே தெரியாது. மத்தியானம் அதே மேசையில், அமரவிளை வீட்டிலிருந்து நீங்கள் கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் பிரித்து வைத்துச் சாப்பிடுவோம்.

என் முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது முறை உண்டானதை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். சிரிப்பீர்கள் என்று பார்த்தால், என் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தீர்கள்.

"இனி நீ கலக்காண்டாம் மக்கா. ஒனக்க முறையும் நான் பாத்துக்கிடுவேன்."

"மேட்ரன் சம்மதிக்க மாட்டாங்க அக்கா."

"வா, கேட்டுப் பாப்போம்."

இதுவரை எல்லாரும் செய்த வேலைதானே என்று மேட்ரன் தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டார். நீங்கள் தமிழிலேயே பதில் சொன்னீர்கள்.

"செய்தோம் மேடம். எத்தன பேருக்குக் கலைஞ்சுதுண்ணு ஆராவது கேட்டதுண்டா?"

மேட்ரன் பேனாவை மூடி வைத்தார். அவருக்குப் பிள்ளை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் முறையையும் சேர்த்து நீங்களே செய்வதானால் செய்யலாம் என்றார். வெளியே வந்ததும், "எனக்கு இனி பெறவா போகுது?" என்று என் தோளைத் தட்டினீர்கள். நான் பிரசவ லீவில் போகும்வரை இருவர் வேலையையும் அந்த மேசையில் நின்று நீங்கள் ஒருத்தியே செய்தீர்கள். அந்தப் பிள்ளை இப்போது பாறசாலையில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறாள்.

உங்களுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தபோது டாக்டரிடம் கேட்டேன், அந்த மருந்தால்தானா என்று. ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். உங்களிடம் அதைச் சொல்லி அழுதேன்.

"அதினாலயும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆருக்குத் தெரியும்? நீ மனசுல வச்சுக்கிடாண்டாம், கேட்டியா?"

வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா.

நம் வார்டிலேயே உங்களுக்கு மருந்து ஏற்றினோம். ஒருநாள் நீங்கள் வாந்தியெடுத்துச் சோர்ந்து சாய்ந்தீர்கள். எல்லாம் துடைத்து முடித்து, கையுறையைக் கழற்றிவிட்டு உங்கள் கையைப் பிடிக்க வந்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள்.

"வெறுங்கையால தொடாண்டாம். வேர்வையிலயும் மருந்து உண்டு."

"பரவாயில்ல அக்கா."

"ஒனக்குப் பரவாயில்ல. வீட்டுல பிள்ள உண்டுல்லா?"

புதுக் கையுறை போட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் கையைத் தந்தீர்கள். அதன் பிறகு வந்த நாட்களிலும் அப்படித்தான். உங்கள் உள்ளங்கைச் சூடு ரப்பர் வழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அமரவிளையில் உங்கள் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். என் முறை வந்தபோது குனிந்து உங்கள் கையைப் பிடித்தேன், வெறுங்கையால். நீங்கள் இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குளிர் இன்னும் என் கையில் இருக்கிறது. வேலை முடிந்து எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது மட்டும் போவதில்லை. போக வேண்டாம்.