மேனேஜரும் நானும் மலை ஏறிய கதை

மார்ச் 2, ஞாயிறு
இன்றும் மேனேஜரோடு உச்சிக்குப் போய் வந்தேன். மேனேஜர் என்றால் நாய். அக்கா மகள் வளர்த்தது. பழைய ஆபீஸ் மேனேஜர் என்னைப் பார்த்த அதே பார்வை, அதனால் நான் வைத்த பேர். அவள் வேலை மாறிப் போனபோது ஒரு நிபந்தனையோடுதான் என்னிடம் விட்டாள்: "ஞாயிறுதோறும் மலை ஏறணும் மாமா. ரெண்டு பேரும் இளைக்கணும். இல்லேன்னா நாயைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவனுக்கு உயரம் ஒரு பொருட்டா?

மேலே இடுப்பளவு பனி. கழுகு ஒன்று என் தொப்பியை உரசிக்கொண்டு போனது. வழியில் டீக்கடையில் சற்று நேரம் நின்றோம்.

மார்ச் 9, ஞாயிறு
மறுபடி உச்சி. கழுகு இரண்டு. வழி தெரியாமல் நின்ற நாலு பட்டதாரிகளுக்கு வழி காட்டினேன். படிப்பு வேறு, திசை வேறு.

"பூட்ஸ்ல ஒரு துளி சேறு இல்லையேடா?" என்றாள் அக்கா. நடக்கத் தெரிந்தவன் காலில் சேறு ஒட்டாது. சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை.

மார்ச் 12
கால்நடை டாக்டர் மேனேஜரை எடை போட்டார். ஏறியிருக்கிறதாம். மலைக்காற்றில் உடம்பு தேறும் என்று விளக்கினேன். அவர் என் வயிற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு, அக்கா மகளுக்குப் போன் போட்டார். கோள் சொல்லி.

மார்ச் 16, ஞாயிறு
அக்கா மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். "உங்க கழுகை நானும் பார்க்கிறேன் மாமா."

மூவரும் கிளம்பினோம். அடிவாரத்து மரங்களில் இப்போதுதான் துளிர். நன்றாகத்தான் நடந்தோம். முதல் திருப்பத்து டீக்கடை வந்ததும் மேனேஜர் கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே உள்ளே போய், கடைசி பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. கடைக்காரர் கேட்காமலே ஒரு பன்னைப் பிட்டுப் போட்டார்.

"வாங்கண்ணே. இன்னிக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கீங்க. உங்களுக்கும் வழக்கம்போலத்தானே?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "இதுதான் உச்சியா மாமா?" என்றாள்.

களைத்த பிராணியை அடித்தா ஏற்றுவது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி கொண்டு வரேன். மேனேஜரோட பாய், தட்டு எல்லாம் எடுத்து வைங்க."

மார்ச் 17
மேனேஜர் பாயை விட்டுவிட்டு என் செருப்பின் மேல் படுத்திருக்கிறது. போகட்டும். எனக்கென்ன? ஒரு வேலை மிச்சம்.

மார்ச் 19
போனோம். கடையைத் தாண்ட மாட்டேன் என்று மேனேஜர் உட்கார்ந்துவிட்டது. "அண்ணே, கடை இங்க இருக்கு" என்று கடைக்காரர் வேறு கூப்பிடுகிறார். தெரியும்யா. தூக்கிக்கொண்டு நடந்தேன். மரப்பாலம் வரைதான் முடிந்தது. மூச்சு... சரி, அதை எழுதுவானேன்.

மார்ச் 22, சனி
போய் வந்தோம். முழங்கால் வலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 23, ஞாயிறு
வண்டியோடு வந்தாள். கட்டி வைத்த பாயை எடுக்கக் குனிந்தவள் வாசலில் பூட்ஸைப் பார்த்தாள். கணுக்கால் வரை சேறு காய்ந்து கிடந்தது.

"எங்க போனீங்க?"

"மேல."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் கல்லு. வளைஞ்சுபோன ஒரு தகரப் பலகை. காத்துல நிக்க முடியல. இவன் தும்மிக்கிட்டே இருந்தான், திரும்பிட்டோம்."

"கழுகு?"

"காக்கா கூட இல்ல."

"இடுப்பளவு பனி?"

"கணுக்கால் வரைக்கும். அதுவும் அழுக்குப் பனி."

பாயின் கட்டை அவிழ்த்தாள். பிறகு பாயைப் பிரித்து, அது கிடந்த மூலையிலேயே விரித்துப் போட்டாள். மேனேஜர் அதன் மேல் ஏறிப் படுத்தது. அக்கா டீ போட்டாள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று.

பூட்ஸைக் கழுவட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். வாசலிலேயே கிடக்கட்டும், தெருவில் நாலு பேர் போகிறார்கள் வருகிறார்கள்.