சில்வர் பேனாவில் ஏழு பெயர்கள்

மாதனூர் பக்கம்
8.7.2025, செவ்வாய்

தேவகி அத்தைக்கு,

இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது: தங்கள் வெள்ளைக் கோழி இன்று காலை எட்டேகால் மணியளவில், நானும் ஒரு பூனையும் அடங்கிய பெருந்திரளான கூட்டத்தின் முன்னிலையில், எங்கள் சைக்கிள் கேரியரில் முட்டை ஒன்றை வெளியிட்டது. முட்டை பள்ளிக்கூடம் வரை என்னோடு வந்தது. வீடு திரும்பவில்லை.

உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. என் போனை அப்பா பீரோவில் பூட்டிவிட்டார். அதனால் உங்கள் ஷூ கம்பெனி பஸ்தான் தபால். உங்கள் பக்கத்து மிஷின் வஜீதா அக்கா டிபன் பையில் வைத்துக் கொண்டுவருவார். சாம்பார் வாசனை அடித்தால் நான் பொறுப்பல்ல.

நீங்கள் ஆம்பூர் ஹாஸ்டலுக்குப் போய் ஆறு நாள் ஆகிறது. கோதண்டபாணி மாமா செத்துப்போன தன் மாட்டுக்காக இன்னும் தாடி வளர்க்கிறார். "கூடப் பொறந்த தம்பி, தேவகி புருஷன், செத்தப்போ மூணாம் நாளே ஷேவ் பண்ணாரு" என்கிறாள் அம்மா. உங்கள் கதவில் வேப்பிலை செருகி, வேறு பூட்டும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். நீங்கள்தான் செய்வினை வைத்தீர்கள் என்று முடிவானால், வீட்டையும் இருபது சென்ட் நிலத்தையும் அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் ஊரைவிட்டே போகவேண்டுமாம்.

வரலாறு எடுக்கும் சாமுவேல் சாரைக் கேட்டேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலும் சூனியக்காரி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பெண்களைக் கொன்றார்களாம். படத்தில் அவர்களுக்குத் துடைப்பம்தான். உங்களுக்கு ஜன்னல் சீட்டோடு கம்பெனி பஸ். சிரிப்பு வரவில்லையா? எழுதும்போது எனக்கும் வரவில்லை.

கோழியின் தற்காலிகக் காப்பாளர்,
ஹேமந்த்

ஆம்பூர்
10.7.2025

ஹேமந்துக்கு,

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கோழிக்குத் தவிடு வை, வெறும் சோறு போடாதே.

நீ எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட வேலை என்று சொல்லி என்னிடம் வெட்டி மிஞ்சின துண்டுத் தோல் கேட்டு வாங்கியவன் நீ. தையல் கோடு போடுகிற என் சில்வர் பேனாவையும் எடுத்துப் போனாய். குழந்தைப் பாதம் போல ஏழு துண்டு வெட்டி, கோதண்டபாணி வீட்டு ஏழு பேர் பெயரையும் எழுதி, எலுமிச்சம்பழத்தோடு அவர் வாசல் வேப்பமரத்தில் கட்டியிருக்கிறாய். அவர் அலறுவதைப் பார்த்துச் சிரிக்கத்தான் என்று தெரியும். ஆனால் காலடி மண்ணெடுத்து மந்திரம் வைப்பார்கள் என்று நம்புகிற ஊர் அது. நீ பாதத்தையே தொங்கவிட்டாய். மூன்றாம் நாள் மாடு செத்தது. அது யூரியா கரைத்த தண்ணீரைக் குடித்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யூரியாவிடம் இருபது சென்ட் நிலம் இல்லையே.

கம்பெனித் தோல், கம்பெனிப் பேனா. வேறு யாரைப் பிடிப்பார்கள்? அவர் மருமகள் சங்கீதா என் முடியைப் பிடித்து இழுத்தாள். போன வருஷம் அவளைக் கூட்டிப்போய் வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அப்போதும் உன் பெயரை நான் சொல்லவில்லை. உன்னைக் கும்பலிடம் பிடித்துக் கொடுக்க மனசு வரவில்லை.

என் அறையில் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி இருக்கிறாள். வஜீதா உருதுவில் கேட்டு எனக்குச் சொன்னாள். அவள் பெரியம்மாவை 'டாயன்' என்று அடித்துத் துரத்தினார்களாம். சூனியக்காரிக்கு அங்கே அதுதான் பேர். பெரியம்மாவுக்குப் புருஷன் இல்லை, வயல் இருந்தது. "வயல் கைமாறினப்புறம் ஊர்ல யாருக்கும் காய்ச்சலே வரலியா?" என்று கேட்டேன். "வந்துச்சு. அப்புறம் வேற ஒருத்தியப் புடிச்சாங்க" என்றாளாம்.

சூப்பர்வைசர் ஷஹீன் பானு போலீசுக்குப் போகச் சொல்கிறார். போகலாம். திரும்பி வந்து அதே குழாயில்தானே தண்ணீர் பிடிக்கவேண்டும்? எனக்கு அலுத்துவிட்டது ஹேமந்த். நீயாகவே எழுந்து சொன்னால் அது வேறு.

தேவகி

11.7.2025

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை கழிவறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.

சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடுங்கியாவது சொல்கிறேன். "இந்த ஏழு பாதத்தையும் நடக்கவெச்ச எட்டாவது பாதம் என்னுது" என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். அப்பா என் முதுகுத் தோலை உரித்தால் உங்கள் கம்பெனிக்கே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தரச் சரக்கு. கோதண்டபாணி மாமாவுக்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான்?

ஹேமந்த்

12.7.2025

ஹேமந்துக்கு,

எட்டாவது பாதமெல்லாம் வேண்டாம். "நான்தான் கட்டினேன்" போதும்.

கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. என்னைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள், ஆனால் நான் வரக்கூடாதாம். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தால்தான் எனக்குத் தெரியும். நல்லபடியாக இருந்தால் அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு வஜீதாவோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இங்கே நான்கு பேருக்கு ஒரு பக்கெட்.

அடி விழுந்தால் முகத்தை மறைத்துக்கொள்.

தேவகி

14.7.2025, திங்கள்

அத்தைக்கு,

வெற்றி! நேற்று நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பூசாரி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்தேன். "நிறுத்துங்க! தோலை வெட்டினவன் நான், பேர எழுதினவன் நான், மரத்துல கட்டினவன் நான்!" கோதண்டபாணி மாமாவின் தாடி அப்படியே நின்றுவிட்டது. அப்பா கையை ஓங்கினார். "அடிக்காதீங்க, ஆம்பளையா வந்து ஒத்துக்கிட்டான்" என்று நாலு பேர் தடுத்தார்கள். சங்கீதா அக்கா அழுதுகொண்டே, "அத்தையக் கூட்டியாங்க" என்று...

அத்தை, இதுவரைக்கும் எழுதி மடித்துவிட்டேன். வஜீதா அக்கா பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. இதைப் படித்தால் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிடுவீர்கள். அதனால் திரும்பப் பிரித்துவிட்டேன்.

மேலே உள்ளது ஒன்றும் நடக்கவில்லை.

எழுந்து நின்றது மட்டும் நிஜம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாடா?" என்றார் கோதண்டபாணி மாமா. "மைக் ஒயர் கழண்டிருக்கு மாமா" என்றேன். சிரித்தார்கள். போய் ஒயரைச் சொருகிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் உங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த மைக்கில் நன்றாகக் கேட்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அம்மாகூடப் புடவை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சாவி கோதண்டபாணி மாமாவுக்கு. நீங்கள் இனி ஊருக்குள் வரக்கூடாது.

தீர்மானத்தை நோட்டில் எழுத ஆள் தேடினார்கள். "பிளஸ் டூ படிக்கிறான், கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று அப்பாதான் என்னைத் தள்ளிவிட்டார்.

எழுதினேன் அத்தை. அவர்கள் சொல்லச் சொல்ல, கடைசி வரைக்கும்.

ஹேமந்த்