சுவரில் மாட்ட ஒரு படம்

அடையாறு,
மார்ச் 9

மதிப்பிற்குரிய கபாலி சாருக்கு,

வணக்கம். டொரான்டோ குளிரில் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேத்தி நலமா? இங்கே எல்லோரும் நலம், நம் நாடகக் குழுவைத் தவிர.

போன வாரம் தி.நகர் சபாவில் நடந்ததை, இப்போது குழுவை நடத்தும் உங்கள் மைத்துனர் வேம்பு சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

இரண்டாம் காட்சியில் தாயாக வரும் ஜோதிலட்சுமி அம்மா, மகனாக நடிக்கும் சாய்சரணைப் பழைய நாடகத்து மகன் பெயரால் கூப்பிட்டுவிட்டார். உடனே, "உங்க அண்ணன் ஞாபகம்டா" என்று சமாளித்தார். கைதட்டல்கூட விழுந்தது. நான்காம் காட்சியில் சாய்சரண் ஒரு பக்க வசனத்தை விழுங்கிவிட்டு அப்படியே நின்றான். திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தும் அவன் காதில் ஏறவில்லை. மருமகளாக நின்ற எனக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாதான் அவன் தட்டில் இன்னொரு தோசையைப் போடுவதுபோல் பாவனை செய்து, ஏதோ கேட்டு, விட்ட இடத்துக்கு அவனை இழுத்து வந்தார்.

ஒப்பனை அறையில் அவன், "சாரி ஆன்ட்டி, டோட்டல் பிளாங்க்" என்றான். ஆபீஸ் டென்ஷன் என்று எல்லோரும் சிரித்தார்கள். வேம்பு அம்மாவிடம் திரும்பி, "வயசாயிடுத்தோல்லியோ, அடுத்த ஷோலேந்து உங்களுக்கு வசனமே கிடையாது. ஜாலியா சுவத்துல தொங்கிண்டு இருங்கோ" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். கதையையே மாற்றிவிட்டார் சார். தாய் இறந்துவிட்டாளாம், மாலை போட்ட படம் மட்டும் மேடையில் இருக்குமாம். அந்தப் படத்தையும் அம்மாவிடமே கேட்டிருக்கிறார். நேற்று அம்மா என்னைக் கூப்பிட்டு இரண்டு படங்களைக் காட்டி, "எதுல நல்லா இருக்கேன், சொல்லு" என்றார்.

இருபத்தாறு வயதில் மறந்தால் களைப்பு, எழுபத்தொன்றில் மறந்தால் சாவா? அம்மாவுக்குப் பெயர்கள் நழுவுவது உண்மைதான். காட்சி எங்கே போக வேண்டும் என்பது நழுவவில்லையே. எனக்கே இப்போது வசனம் ஏற நாளாகிறது. பஸ்ஸில் முணுமுணுத்தபடியே வேலைக்குப் போகிறேன். வேம்புவுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று பயம். இந்த நாற்பத்தாறு வயதில் அப்படிப் பயப்பட வேண்டியிருப்பதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

பங்குனி உற்சவம் முடிந்ததும் மயிலாப்பூரில் அடுத்த காட்சி. நாடகம் நீங்கள் எழுதியது. அந்தத் தாயை நீங்கள் சாகவிடவில்லை. வேம்புவிடம் பேசுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம் பேசுங்கள், அவர் படத்தைக் கொடுப்பதற்குள்.

அடுத்த மாதம் உங்களுக்கும் எழுபத்தொன்று பிறக்கிறது. நீங்கள் நீண்ட ஆயுளோடு, மேடை நடுவில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கற்பகாம்பாளை வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் மரியாதையுடன்,
தீபிகா