பித்தளை மூடி

வண்டி 2, பயணக் குறிப்பு
எழுதுவது: கமலவேணி, நில அதிர்வுப் பிரிவு, செவ்வாய் முகாம்

நாள் 2211. காலை 6:20

எழுந்ததும் முதலில் தலையைப் பின்னி இறுக்கிக் கட்டினேன். ஹெல்மெட்டுக்குள் ஒரு முடி மூக்கின் மேல் விழுந்தாலும், கழற்றும்வரை தள்ளிவிட வழியில்லை. போன மாதம் அப்படி ஐந்து மணி நேரம் தும்மிக்கொண்டே வேலை பார்த்தேன்.

இடம்: முகாமுக்கு மேற்கே 60 கிலோமீட்டர், நான்காவது அதிர்வுமானி. ஆக்சிஜன் 300 கிலோ. மீத்தேன் போதுமான அளவு. வண்டிக்குள் வெப்பம் 17, வெளியே கழித்தல் 71. அதிர்வுமானியின் மின்கலத்தை நேற்றே மாற்றியாயிற்று. இன்று திரும்ப வேண்டும். மதியச் சாப்பாடு முகாமில்.

காலை 7:05

என்ஜின் இயங்கி ஒரு நிமிடத்தில் நின்றது. நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அதேதான்.

காரணம் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது முறை. என்ஜின் கணினி சோற்றுப் பெட்டி அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. அதை வண்டியின் முன்பக்கம், என்ஜினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் குளிரில் சுருங்கும், என்ஜின் சூடானால் விரியும். சுருங்கி விரிந்து உள்ளே இணைப்புகள் விட்டுப்போகின்றன. மாற்றுக் கணினி ஒன்று கையில் இருக்கிறது. அதே இடத்தில் வைத்தால் அதுவும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது.

அவசரமில்லை. டீ குடித்துவிட்டு இறங்குகிறேன்.

காலை 8:40

முகாமிலிருந்து ரூஃபஸ். வானொலியில் இருப்பவன், நாகர்கோவில்காரன், எந்நேரமும் சிரித்துக்கொண்டு பேசுபவன். இன்று சிரிக்கவில்லை.

"வேணிக்கா, மீரான் பாய் குடில்ல ஆக்சிஜன் மெஷின் செத்துப்போச்சு. சிலிண்டர்ல உள்ளதுதான் மிச்சம். ராத்திரி பத்தரை வரைக்கும் வரும்னு சொல்லுதாரு. வண்டி ஒண்ணு இங்க பிரிச்சுப் போட்டுக் கெடக்கு. உங்க வண்டிய விட்டா வேற இல்லக்கா."

செய்யது மீரான் துளைக்கருவி பார்ப்பவர். முகாமுக்கு மேற்கே 190 கிலோமீட்டரில் ஒரு குடிலில் தனியாக இருக்கிறார். இங்கிருந்து 130. அங்கே போய் அவரை ஏற்றிக்கொண்டு முகாம் திரும்ப மொத்தம் 320 கிலோமீட்டர்.

இங்குள்ள காற்றில் எதுவும் எரியாது. ஆகவே வண்டி மீத்தேனோடு ஆக்சிஜனையும் சுமந்துகொண்டு போய் எரிக்கிறது. கிலோமீட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 256 கிலோ போதும். என்னிடம் 300 இருக்கிறது. நாங்கள் மூச்சுவிடுவதும் அதே தொட்டியிலிருந்துதான், அது அற்பக் கணக்கு.

வண்டி நடுவழியில் நிற்கக்கூடாது. அது ஒன்றுதான்.

காலை 9:00

கணினியை வண்டிக்குள் கொண்டுவரப் போகிறேன். நான் உட்காரும் இடத்தில், பதினேழு டிகிரியில், என் காலடியில் இருந்தால் அது சாகாது. முகாமில் நாங்கள் முறைவைத்து வேலை பார்க்கும் வண்டிப் பட்டறையில் ஆறு வருடமாகப் பேசுகிறோம், யாரும் செய்ததில்லை. என்ஜினுக்கும் எங்களுக்கும் நடுவே உள்ள சுவர் காற்றை அடைத்து வைக்கும் சுவர். அதில் புதிதாகத் துளை போட முடியாது. மண்ணளவிக் கருவியின் கம்பி வர ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறது, ரப்பர் அடைப்போடு. மண்ணளவியைப் பிடுங்கிவிட்டு அதன் வழியே கொண்டுவருவேன். சோதனைக்குப் பயன்படுத்தும் இரண்டு மீட்டர் நீட்டிப்புக் கம்பிக்கட்டு கருவிப்பெட்டியில் இருக்கிறது.

விண்வெளி உடுப்பு மாட்டிக்கொண்டு, வண்டியின் காற்றை வெளியேற்றிவிட்டுச் செய்ய வேண்டிய வேலை.

மதியம் 12:35

முடிந்தது. விரல் நுனிகளில் உணர்வில்லை.

இணைப்பான் துளைக்குள் நுழையவில்லை. நாற்பத்தெட்டு கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துளை வழியே இழுத்து, மறுபடி செருக வேண்டியிருந்தது. ஒரு கம்பி இடம் மாறினால் என்ஜின் போய்விடும். எங்கள் பட்டறை வழக்கப்படி நான் எண்ணையும் நிறத்தையும் சொல்ல, ரூஃபஸ் வரைபடத்தைப் பார்த்துத் திருப்பிச் சொன்னான்.

"பதினேழு. மஞ்சளில் கறுப்புக் கோடு."

"பதினேழு, மஞ்சள்ல கறுப்பு. எங்க ஊரு ஆட்டோ மாதிரில்லா இருக்கு. மீட்டர் போடுவாராக்கா?"

"பதினெட்டு. வெள்ளை."

"பதினெட்டு, வெள்ளை. சிரிக்கவே மாட்டீங்களா நீங்க?"

சிரித்தேன், அவனுக்குக் கேட்கும்படி இல்லை. நடுவில் மீரான் பாய் அலைவரிசைக்குள் வந்தார்.

"தங்கச்சி, மெதுவாச் செய்யுங்க. எனக்கு இங்க ஒரு அவசரமும் இல்ல. படுத்துக்கிட்டு மூச்ச மிச்சம் புடிச்சிக்கிட்டு இருக்கேன். எங்க வூட்ல சொன்னா நம்ப மாட்டாங்க, நான் நாலு மணி நேரமா வாயத் தொறக்கலேன்னு."

பழைய கணினியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். மாற்றுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, என் இருக்கைக்கு முன்னால் இரண்டு பட்டைகளால் கட்டினேன். துளையைப் பிசின் விட்டு அடைத்தேன். என்ஜினை இயக்கினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. பிறகு வண்டிக்குள் காற்றை நிரப்பி ஹெல்மெட்டைக் கழற்றினேன். கசிவில்லை.

காற்று நிரம்ப நிரம்ப என்ஜின் சத்தம் மாறியது. கனமாக, பலமாக. இத்தனை நாள் குளிரில் திணறியிருக்கிறது, இப்போதுதான் அதற்கு உயிர் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

12:40க்குப் புறப்படுகிறேன்.

மதியம் 2:40

நின்றுவிட்டேன். நானாகத்தான் நிறுத்தினேன்.

40 கிலோமீட்டர் வந்திருக்கிறேன். ஆக்சிஜன் 200 கிலோ. 268 இருக்க வேண்டும்.

முதலில் அளவுமானி பொய் சொல்கிறது என்று தட்டிப் பார்த்தேன். பிறகு தொட்டியின் எடையைப் பார்த்தேன். அதுவும் 200 என்கிறது. கசிவா? அடைத்த துளைக்கு அருகே காகிதத் துண்டைப் பிடித்தேன். அசையவில்லை. உடுப்பு மாட்டிக்கொண்டு இறங்கி, குழாய்கள் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். கசிந்தால் பனி படிந்திருக்கும். எங்கும் பனி இல்லை.

அறுபத்தெட்டு கிலோ எங்கேயோ போயிருக்கிறது. எங்கே என்று தெரியாமல் இந்த இருக்கையில் உட்கார முடியவில்லை. காலடியில் அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு இருக்கிறது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மதியம் 3:10

கண்டுபிடித்துவிட்டேன். நான்தான்.

கணினியின் திரையில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டே வந்தேன். வெளிக்காற்றின் அழுத்தம்: 702. செவ்வாயில் அது 7.

படிப்பவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். இந்தக் கணினியின் பெட்டியில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியே அது வெளிக்காற்றை உணர்ந்து, அந்தக் காற்றின் கனத்துக்கு ஏற்ப ஆக்சிஜன் விடும். என்ஜின் பக்கத்தில் இருந்தால் அது உணர்வது செவ்வாயின் மெல்லிய காற்று. இங்கே என் காலடியில் அது உணர்வது நான் சுவாசிக்கும் காற்று, நூறு மடங்கு கனம். வெளியே அவ்வளவு காற்று இருக்கிறதென்று நம்பி ஆக்சிஜனைக் கொட்டியிருக்கிறது. உயிர் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்த சத்தம் அதுதான்.

இதுகூட மன்னிக்கத்தக்கது. மற்றதை எழுத வேண்டும்.

பட்டறை முகாமுக்குள் இருக்கிறது, அங்கேயும் நாங்கள் சுவாசிக்கும் காற்றுதான். அதனால் மேசையில் கணினியைச் சோதிக்கும்போது அந்த ஓட்டையில் ஒரு பித்தளை மூடியைத் திருகுவோம். மூடிக்குள் செவ்வாயின் அழுத்தத்தை அடைத்து வைத்திருப்போம். மூடி இருந்தால் கணினி தான் வெளியே இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். மேசைக்கு வந்தால் மூடியைப் போடு, வண்டிக்குப் போனால் மூடியைக் கழற்று. ஆறு வருடம். "மூடிய கழட்டியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்காமல் எந்தக் கணினியும் பட்டறையை விட்டுப் போகாது. அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவள் நான்.

மாற்றுக் கணினி மூடியோடுதான் பெட்டியில் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வண்டியில் பொருத்துகிறேன், ஆகவே கழற்றினேன். யோசித்துக் கழற்றவில்லை. என் கை கழற்றியது. மதியம் இந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன், ஒரு வரிக்கு நடுவில்.

மதியம் 3:35

மூடி கருவிப்பெட்டியில் இருந்தது. வண்டிக் காற்றை வெளியேற்றினேன். செவ்வாயின் காற்றிலேயே மூடியைத் திருகி இறுக்கினேன். மறுபடி நிரப்பினேன். திரையில் அழுத்தம் 7. என்ஜின் சத்தம் பழையபடி மெலிந்தது. செலவும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

போனது போனதுதான்.

இருப்பது 200. இன்னும் 90 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 190 திரும்ப 224 வேண்டும். முகாமுக்கு 30 கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிடும். உடுப்பில் எட்டு மணி நேரக் காற்று. இந்த மண்ணில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கலாம். 30 கிலோமீட்டர் யாராலும் முடியாது.

இங்கிருந்து இப்போதே திரும்பினால் 100 கிலோமீட்டர். 80 கிலோ போதும். ஒன்பது மணிக்கு நான் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மதியம் 3:50

முகாமுக்குச் சொன்னேன். ஆக்சிஜன் 200 என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. கசிவு என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை.

முகாம் தலைவர் கனகசபை பேசினார். எப்போதும் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர்.

"கமலவேணி, கணக்கை நாங்களும் போட்டுப் பார்த்துட்டோம். திரும்பிடுங்க. ரெண்டு பேரை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன். இது உத்தரவு. மீரானுக்கு நான் சொல்லிக்கிறேன். நீங்க அவர்கிட்ட எதுவும் பேச வேண்டாம்."

"உத்தரவு கிடைத்தது" என்றேன். கிடைத்தது என்றுதான் சொன்னேன்.

பிறகு ரூஃபஸ், தாழ்ந்த குரலில்: "எக்கா, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. பாத்துக்கிடுங்க. லீக் ஆனா யாரு என்ன செய்ய முடியும்?"

ஒலிவாங்கியை வைத்துவிட்டேன். இன்று முழுக்க என்னிடம் யாரும் இவ்வளவு வலிக்கும்படி பேசவில்லை.

மாலை 4:00

மீரான் பாய் அழைத்தார். தலைவர் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

"தங்கச்சி, எங்க வந்திருக்கிய? பையெல்லாம் கட்டி வச்சிட்டேன். பாறைத் துண்டு ரெண்டு பெட்டி இருக்கு, பேத்திக்கு ஒண்ணு. ஏத்தலாமா, பாரமா?"

"ஒரு பெட்டி மட்டும்" என்றேன்.

"சரி சரி. பெரிசு வேணாம், சின்னது போதும். கோவிச்சிக்காதிய."

ஒரு பெட்டி மட்டும் என்று ஏன் சொன்னேன்? திரும்பிப் போகிறவள் அப்படிச் சொல்ல மாட்டாள். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் கணக்கை மறுபடி போடத் தொடங்கினேன்.

மாலை 4:15

வண்டிக்குள் காற்றும் சூடும் வைத்திருக்க என்ஜின் கூடுதலாக எரிக்கிறது. காற்றை வெளியேற்றி, சூட்டை அணைத்து, உடுப்பைத் தொட்டியோடு குழாயில் இணைத்துக்கொண்டு ஓட்டினால் 280 கிலோமீட்டருக்கு 210 கிலோ போதும். குறைவது பத்துக் கிலோ. அதாவது 13 கிலோமீட்டர். நின்ற இடத்தில் இரண்டு உடுப்பையும் தொட்டியின் மிச்சத்தில் நிரப்பிக்கொண்டால், 13 கிலோமீட்டர் நடக்கலாம். ஐந்து மணி நேரம். மீரான் பாய்க்கு ஐம்பத்திரண்டு வயது, கால் நன்றாக இருக்கிறது.

கணினி குளிரில் செத்துவிடும். மின்போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். மூடி இருக்கிறது, அதற்கு அழுத்தம் தெரியாது.

பதினான்கு மணி நேரம், நடுவே ஹெல்மெட்டைக் கழற்றாமல், காற்றில்லாத பெட்டிக்குள். கையுறையில் ஒரு ஊசித் துளை விழுந்தால் முடிந்தது. விதிப்படி இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லை. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் 13 வந்தது. நான்காவது முறை கூட்டப் பயமாக இருக்கிறது.

முகாமுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தலைவர் வேண்டாம் என்பார். அவர் இன்னொரு முறை வேண்டாம் என்றால் நான் கேட்டுக்கொள்வேன். எனக்கு அவ்வளவு பயம். மீரான் பாயிடமும் சொல்லவில்லை. சொன்னால் வராதே என்பார். அதையும் கேட்டுக்கொள்வேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கசிவு எதுவும் இல்லை. மூடியைக் கழற்றியது நான். வண்டியிலோ கணினியிலோ குறை தேட வேண்டாம்.

ஹெல்மெட் மாட்டியாயிற்று. கணினி மடியில் இருக்கிறது, போர்வை சூடாகிவிட்டது. வண்டியின் முகம் மேற்கே பார்த்திருக்கிறது, அதைத் திருப்பப் போவதில்லை. ரூஃபஸ் இரண்டு முறை கூப்பிட்டான், "எக்கா, திரும்பிட்டீங்களா?" என்று. வானொலியை அணைத்துவிட்டேன்.

காற்றை வெளியேற்ற வலது கையுறை ஒன்றுதான் பாக்கி. அதைப் போட்டால் எழுத முடியாது. அதனால்தான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

போடுகிறேன்